சிரட்டை மூழ்குவதற்குள்

வியாழக்கிழமை காலையில், பிரசோப்பின் காப்பிக் கடையில், ஊரே காது கொடுத்துக் கேட்கும்படி சம்ரான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். அது வெளியே வந்து விழுந்த பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவனுக்கே தெரிந்தது.

பேச்சு சின்னானில்தான் தொடங்கியது. அந்தத் தீவில் ஆண்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவதாகச் சின்னான் வந்து உட்கார்ந்துவிடும். கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் கூரான கொண்டையுமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி அது. அதற்கு வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, வெயில் காட்டி, குளிக்க வைத்து, சாயங்காலம் கூண்டுக்குத் துணி போர்த்தித் தூங்க வைத்து, பெற்ற பிள்ளைக்குச் செய்யாததை எல்லாம் செய்வார்கள். எதற்கு? ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் அது வாயைத் திறந்து பாட வேண்டும். அதற்குத்தான்.

சம்ரானுடைய சின்னானுக்கு இடிமுழக்கம் என்று பெயர். வீட்டில் அது இடிமுழக்கம்தான், சந்தேகமில்லை. தேங்காய்க் களத்தில் மட்டை உரித்துவிட்டு அவன் காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது அது கத்துகிற கத்தலில் தெருக்கோடி நாய் எழுந்து உட்காரும். தன் காலடிச் சத்தம் கேட்டுத்தான் பாடுகிறது என்று சம்ரான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஆனால் மைதானத்துக்குக் கொண்டுபோனால் அது ஊமை. கலந்துகொண்ட போட்டி எல்லாவற்றிலும் முதல் சுற்றிலேயே கூண்டை இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

பிரசோப்பின் சின்னான் அப்படியல்ல. கடைசிச் சுற்று வரைக்கும் நிற்கும். அந்தத் திமிரில் அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, இடிமுழக்கம்னு பேரு வெச்சீங்களே, அது பாட்டுக்குக் கோவிச்சுக்கிட்டு மழைக்காலம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கோ என்னமோ."

கடை முழுக்கச் சிரித்தது. சம்ரானுக்குக் காது சிவந்தது. கோபம் வந்தால் அவனுக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

"இந்த ஞாயித்துக்கிழம எம்பறவ ரெண்டு சுத்து தாண்டலேன்னா, அந்த மைதானத்துலயே கூண்டத் தொறந்து பறக்க விட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போவேன். பெரிய பிக்கு மேல சத்தியம்."

சிரிப்பு நின்றது. பெரிய பிக்கு என்றால் கோயில் கண்ணாடிப் பெட்டிக்குள் செத்தும் அழுகாமல் உட்கார்ந்திருக்கிறவர். அவர் பெயரில் சத்தியம் பண்ணிவிட்டு மீறியவன் கதைகள் அந்தத் தீவில் நிறைய உண்டு, ஒன்றும் நல்லபடியாக முடிந்ததில்லை. அதோடு இடிமுழக்கம் கூண்டுக்குள்ளேயே முட்டை உடைத்து வெளியே வந்த பறவை. கிண்ணத்தில் இல்லாத பழத்தை அது பழம் என்றே நினைக்காது. மைதானத்து மாமரத்தில் காக்கைக் கூட்டம், மரத்தடியில் கோயில் பூனைகள், வானத்தில் செம்பருந்து. கதவைத் திறந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் கதை முடிந்துவிடும். கடையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

பிரசோப்பே இறங்கி வந்தான். பேச்சுக்குச் சொன்னதை எல்லாம் பிக்கு கணக்கில் எடுக்க மாட்டார், விடுங்கள் அண்ணே என்றான். அங்கேதான் சம்ரானின் குணம் வேலை செய்தது. அவன் யாரையும் நம்பாதவன். படகு கிளம்பும் நேரத்தை நம்ப மாட்டான், டெலிவிஷனில் சொல்லும் மழையை நம்ப மாட்டான், ஆஸ்பத்திரி மாத்திரையை இரண்டாக உடைத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் விழுங்குவான். பிரசோப் இரக்கப்படுகிறான் என்றால் அவனுக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டான். சத்தியம் சத்தியம்தான் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே எழுந்தான்.

வீட்டுக்கு வந்தால் லமியாட் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவன் பெண்டாட்டி. வாய் திறந்தால் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களுக்கும் கேட்கும். அன்றைக்குக் குற்றம் செருப்பு மணல். அதற்கு முந்தின நாள் ஈரத் துண்டு. அதற்கும் முந்தின நாள் என்னவென்று அவளுக்கே ஞாபகம் இருக்காது. ஆனால் தினமும் அவன் படியேறும்போது ஒன்று இருக்கும், அவள் திட்டத் தொடங்குவாள், அவன் காதில் வாங்காமல் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவான். தலைக்கு மேலே இடிமுழக்கம் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு பொரிந்து தள்ளும்.

பின்கட்டு அறையில் கெர்டா என்று ஒரு பறங்கிக்காரி வாடகைக்கு இருந்தாள். ஐம்பது வயதிருக்கும், தென்னங்கன்று உயரம். கடலில் குளிக்க வந்தவள் இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படி இருந்து பார்க்க வேண்டும் என்று வந்தவள். லமியாட்டோடு சந்தைக்குப் போனாள், மிளகாய் இடித்தாள், விடியற்காலையில் பிக்குகளுக்குச் சோறு போட்டாள், முற்றம் பெருக்கினாள். காசு கொடுத்து அடுத்தவன் முற்றத்தைப் பெருக்குகிறவளை எப்படி நம்புவது? சம்ரான் தன் அரிவாளைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

அன்று அவன் சோற்றில் கை வைத்தபோது அவள் மேலே கூண்டைக் காட்டி, பிறகு லமியாட்டைக் காட்டி, ஒட்டுப்போட்ட பேச்சில் சொன்னாள்.

"அக்கா சண்டை. குருவி பாட்டு. தினம் தினம்."

தன்னைக் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் சம்ரான். பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவதை ஊரூராகப் போய்ச் சொல்லப் போகிறாள். மீன் முள்ளை எடுத்துப் போட்டான்.

அவன் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நியோமின் சிரட்டை.

நியோம் முடி வெட்டுகிறவர், ஊரில் மூத்தவர், போட்டிக்கு நடுவர். அவரிடம் பழைய தேங்காய்ச் சிரட்டை ஒன்று உண்டு. அடியில் ஊசி போட்ட மாதிரி ஒரு ஓட்டை. கண்ணாடி ஜாடித் தண்ணீரில் அதை மிதக்க விடுவார். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி ஏறி, சிரட்டை மூழ்கினால் சுற்று முடிந்தது. அதற்குள் பறவை முழுப் பாட்டாக மூன்று தடவை பாடியிருக்க வேண்டும். பாடாத கூண்டு இறங்கும். அந்த ஓட்டை வருஷக்கணக்கில் தேய்ந்து பெரிதாகிவிட்டது என்பது சம்ரானின் முடிவு. ஒவ்வொரு தடவையும் இடிமுழக்கம் வாயைத் திறக்கத்தான் போகிறது, அதற்குள் சிரட்டை மூழ்கிவிடுகிறது. யோசித்துப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இது பச்சை அநியாயமாகப் பட்டது. சரியான சிரட்டை ஒன்றை நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்று தீர்மானித்தான்.

தேங்காய்க் களத்தில் சிரட்டைக்கா பஞ்சம்? ஆனால் புதுச் சிரட்டை நார் நாராக இருக்கும், தண்ணீரில் ஒருக்களித்து ஆடும். கழுவிக் கழுவி வழவழவென்று மெலிந்த பழைய சிரட்டை வேண்டும். அப்படிப்பட்டது அந்த வீட்டில் இரண்டுதான் இருந்தன. இரண்டும் லமியாட்டின் அடுப்படியில், ஆணியில் தொங்கின. ஒன்று அரிசி அள்ள. இன்னொன்று காம்பு வைத்தது, குழம்பு ஊற்ற. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தவை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் கெர்டாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போன நேரம் பார்த்துச் சம்ரான் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினான். முதலில் குழம்புச் சிரட்டையில் போட்டுப் பார்த்தான். கம்பி சறுக்கி ஓட்டை பெரிதாகிவிட்டது. போனால் போகிறது என்று பழைய ஆணியிலேயே மாட்டினான். இவ்வளவு சின்ன ஓட்டை யார் கண்ணில் படப் போகிறது? அடுத்து அரிசிச் சிரட்டையில் போட்டான். வாளித் தண்ணீரில் விட்டு, மூச்சை அடக்கி அடக்கிப் பார்த்து, இதுதான் நியாயமான ஓட்டை என்று மடியில் கட்டிக்கொண்டான்.

மைதானம் காலையிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. இரும்புக் குழாய்ச் சட்டங்களில் வரிசை வரிசையாகக் கூண்டுகள், பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகப் போர்வைகள். ஒரு பக்கம் கோழி வாட்டுகிற புகை, ஒரு பக்கம் பனிக்கட்டி உடைக்கிற சத்தம். படகு பிடித்து அக்கரையிலிருந்தும் வந்திருந்தார்கள். சம்ரானின் சத்தியம் அக்கரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவனை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

அவன் நேரே நியோமிடம் போய் மடியை அவிழ்த்து, தன் சிரட்டையை மேசைமேல் வைத்து, விஷயத்தைச் சொன்னான். நியோமுக்குக் கோபம் வரவில்லை. வாயில் இருந்த வெற்றிலையை ஓரம் ஒதுக்கிவிட்டு, இரண்டு ஜாடியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒன்றில் தன்னுடையதை விட்டார், ஒன்றில் அவனுடையதை விட்டார். கூட்டம் கழுத்தை நீட்டியது.

சம்ரானின் சிரட்டை மடமடவென்று குடித்துவிட்டு முதலில் மூழ்கியது. நியோமுடையது பாதி வயிறு நிறைந்து இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"ஒன்னுதையே வெச்சுக்குவமா சம்ரான்?" என்றார் நியோம்.

மைதானம் சிரித்த சிரிப்பில் சில கூண்டுகள் ஆடின. வாளி வேறு ஜாடி வேறு என்று சம்ரான் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். தன் சிரட்டையைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு, கயிற்றுக்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றான்.

போர்வைகளை எடுத்தார்கள். கூண்டைத் தொடக் கூடாது, கயிற்றைத் தாண்டக் கூடாது. மற்றபடி வாய் எவ்வளவு போகுமோ அவ்வளவும் போகலாம். சிரட்டை தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், அத்தனை ஆண்களும் பேய் பிடித்தவர்கள் மாதிரி ஆனார்கள். ஒருவன் விசிலடித்தான், ஒருவன் தொடையைத் தட்டினான், மீன் ஏலம் விடுகிற குரலில் ஒருவன் தன் பறவையை மகனே மகனே என்று கூப்பிட்டான். பிரசோப் விரலைச் சொடுக்கி இரண்டு வார்த்தைதான் சொன்னான், அவனுடைய சின்னான் கணீரென்று எடுத்தது. பக்கத்துக் கூண்டு எடுத்தது. அதற்குப் பக்கத்துக் கூண்டும் எடுத்தது. வரிசை முழுக்கப் பாட்டு.

இடிமுழக்கம் மூக்கைக் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தது.

சம்ரான் கூப்பிட்டான். கெஞ்சினான். வீட்டுப் படியில் நடக்கிற மாதிரி இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்தான், காலடிச் சத்தம் கேட்டால் பாடுமே என்று. அது அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறக்கைக்குள் எதையோ தேடியது. சிரட்டை பாதிக்கு வந்துவிட்டது. மாமரத்தில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. சம்ரான் அவற்றைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், கண் அங்கேதான் போனது.

அப்போதுதான் மைதானத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பக்கவாட்டுப் பெட்டி வைத்த வண்டி. ஓட்டி வந்தது லமியாட். பெட்டிக்குள் முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு கெர்டா. அவள் வெள்ளைப் பாவாடையில் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மஞ்சள் குழம்பு கோலம் போட்டிருந்தது.

வண்டியை நிறுத்தக்கூட இல்லை, லமியாட் குதித்துவிட்டாள். கையில் குழம்புச் சிரட்டை. கூட்டம் தானாக விலகி வழி விட்டது.

"யோவ், ஒனக்குக் கண்ணு இருக்கா, நெஞ்சுல ஈரம் இருக்கா? எங்கம்மா குடுத்த செரட்டையில ஓட்ட போட்டு வெச்சிருக்கியே, ஒம் மண்டையில இருக்கற ஓட்ட போதலியா? வீட்டுக்கு வந்த மனுஷி, கொதிக்கக் கொதிக்கக் கொழம்ப அவ மடியில ஊத்திட்டேன்யா. அரிசிச் செரட்டையக் காணோம். அதுலயும் போட்டியா? சொல்லு, அதுலயும் போட்டியா?"

அவள் 'சொல்லு' என்ற இடத்தில் இடிமுழக்கம் நிமிர்ந்தது. கொண்டை ஈட்டி மாதிரி எழுந்தது. தொண்டை உப்பியது. பிறகு அந்த மைதானம் அதுவரைக்கும் கேட்டிராத ஒரு பாட்டை எடுத்து வீசியது.

விசிலடித்தவன் விசிலை நிறுத்தினான். லமியாட் எதையும் கவனிக்கவில்லை. அவள் திட்ட, அது பாட, அவள் குரல் ஏற, அதன் குரலும் ஏற, இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு மேலே போயின. சிரட்டை தண்ணீருக்குள் முங்கியபோது இடிமுழக்கம் மூன்றைத் தாண்டிவிட்டது.

சம்ரான் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தினமும் காலையில் படியேறினது, செருப்பு மணல், ஈரத் துண்டு, தலைக்கு மேலே பாட்டு, எல்லாம் ஒரே வீச்சில் வந்து அவன் முன்னால் நின்றன. கெர்டா பெட்டியிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்து, கூண்டைக் காட்டி, லமியாட்டைக் காட்டி, நான் சொன்னேனே என்பது போல இரண்டு கையையும் விரித்தாள். அவள் காலில் பற்பசை தடவியிருந்தது. சூடு பெரிதாக ஒன்றும் இல்லை, சந்தோஷத்தில் முகம்தான் சிவந்திருந்தது.

பிரசோப் விடவில்லை. பறவையைக் கூப்பிடலாம், புருஷனைத் திட்டுவது பறவையைக் கூப்பிடுவதாகுமா, இது செல்லாது என்று நடுவரிடம் போய் நின்றான். அக்கரைக்காரர்கள் செல்லாது என்றார்கள், ஊர்க்காரர்கள் செல்லும் என்றார்கள். நியோம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு யாரு வேணா என்ன வேணா கத்தலாம். புருஷன வையக் கூடாதுன்னு சட்டம் இல்ல. அப்பிடி ஒரு சட்டம் இருந்தா இந்தத் தீவுல ஒரு வீட்லயும் அடுப்பு எரியாது."

தீர்ப்பு ஆயிற்று. இரண்டாம் சுற்றுக்குக் கூண்டுகளைத் துடைத்துத் தயார் பண்ணினார்கள். அந்த இடைவெளியில் யாரோ ஒருத்தி லமியாட்டின் காதில் சத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவள் முகம் மாறியது. கூண்டைப் பார்த்தாள், மாமரத்தைப் பார்த்தாள். பறவை அவனுடையது என்று பேர்தானே. தினமும் வாழைப்பழம் நறுக்கிப் போட்டது யார், அடியில் விரித்த காகிதத்தை மாற்றியது யார்? அவள் சம்ரானின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

"பெரிய பிக்கு மேலயா பண்ணின?"

அவன் தலையை ஆட்டினான்.

"சரி. நான் பாத்துக்கறேன். நீ பேசாம நில்லு."

சிரட்டை விழுந்தது. மறுபடியும் மைதானம் கொதித்தது. லமியாட் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். செருப்பு மணலைச் சொன்னாள். ஈரத் துண்டைச் சொன்னாள். தேங்காய்க் களத்திலிருந்து வந்து கால் கழுவாததைச் சொன்னாள். வார்த்தை எல்லாம் சரிதான். ஆனால் உள்ளே சூடு இல்லை. கோயிலில் பாலி மொழிச் சுலோகத்தை அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. புருஷனுக்காகவும் பறவைக்காகவும் நெஞ்சு உருகிப்போய் நிற்கிறவளுக்குக் கோபம் எங்கிருந்து வரும்? இடிமுழக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கிண்ணத்தில் இருந்த பழத்தைக் கொத்தப் போய்விட்டது.

"பாடு தங்கம்," என்றாள் அவள். குரல் உடைந்தது. அது இன்னும் மோசம். கூட்டத்திலிருந்து ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். கூரை ஒழுகுவதைச் சொல்லு அக்கா என்றார்கள், உன் தங்கச்சி கல்யாணத்தில் அவன் குடித்துவிட்டு ஆடியதைச் சொல்லு என்றார்கள். அவள் அதையும் சொல்லிப் பார்த்தாள். சிரிப்புதான் வந்தது, அவளுக்கும் வந்துவிட்டது. சிரட்டை முக்கால் இறங்கிவிட்டது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல்தான்.

சம்ரானுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் புத்தி முன்னால் ஓடியது. செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தது.

லமியாட்டின் புளி மீன் குழம்பைப் பற்றி அந்தத் தீவில் யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. மஞ்சளும் காய்ந்த மிளகாயும் இறால் விழுதும் அவளே அம்மியில் வைத்து இழைப்பாள், புளித்த மூங்கில் குருத்தும் அவளே போட்டு வைத்ததுதான். கோயில் விருந்தில் அவள் பானை முதலில் காலியாகும். பிரசோப்பின் பெண்டாட்டி சாய்பினும் அதே குழம்பைத்தான் கொண்டுவருவாள், பாதிப் பானையோடு திரும்பிப் போவாள். அதனால் இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. சாய்பினும் அன்று மைதானத்தில்தான் இருந்தாள், புருஷனுக்குக் குடை பிடித்துக்கொண்டு.

சம்ரான் கண்ணை மூடிக்கொண்டு, மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னான்.

"ஒன் வாய் இருக்கற அளவுக்கு ஒன் கொழம்பு இல்லடி. நெசத்தச் சொன்னா, சாய்பின் வெக்கிற புளிக்கொழம்புக்குக் கிட்டக்கூட வராது."

ஆண்கள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். நியோமின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. சாய்பினின் கையில் குடை நிமிர்ந்தது.

லமியாட் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டா என்று தேடினாள். அவன் கண்ணைத் திறக்காமல், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, மூங்கில் குருத்துகூட அங்கேதான் பதம் என்று ஒன்றைச் சேர்த்துப் போட்டான்.

பிறகு வந்தது.

"என்னது? என்ன சொன்ன? இத்தன வருஷம் தட்ட வழிச்சு வழிச்சு நக்கினியே, அந்த நாக்க எங்க வெச்சுட்டு வந்த? அவ வெக்கிறது கொழம்பாய்யா? கடல்ல மஞ்சளக் கரச்சு விட்டா அதுக்குப் பேரு கொழம்பா? காச்சல்ல படுத்தியே, வேற எதுவும் எறங்கல, எங்கொழம்பத்தானய்யா கேட்ட? இனிமே எங்கையால ஒரு பருக்க, ஒரு பருக்க ஒனக்கு உண்டான்னு பாரு..."

அதற்கு மேலே என்ன சொன்னாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏனென்றால் இடிமுழக்கம் தொடங்கிவிட்டது. ஒன்று. மூச்சு வாங்கவில்லை. இரண்டு. அதன் பாட்டைக் கேட்டு மற்றக் கூண்டுகள் எல்லாம் எடுத்தன, வரிசை முழுக்க ஒரே முழக்கம். சிரட்டையின் விளிம்பில் தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கியது. சம்ரான் கண்ணைத் திறந்தான். சிரட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்று என்று மைதானமே கத்தியது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சிரட்டை ஜாடியின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கரைக்காரர்கள்கூடத் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். பிரசோப் கயிற்றைத் தாண்டி ஓடி வந்து சம்ரானைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். கெர்டா யாரென்றே தெரியாத ஒரு கோழி வியாபாரியின் கையைப் பிடித்துக் குதித்தாள். சம்ரானுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. மாமரத்துக் காக்கைகள் சத்தம் பொறுக்காமல் கிளம்பிக் கடல் பக்கம் போயின. கூண்டுக் கதவின் கொக்கியை அவன் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டான், நன்றாக மாட்டித்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் லமியாட் இல்லை. மோட்டார் சைக்கிள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கெர்டா பின்னாலேயே ஓடிப் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

மூன்றாம் சுற்றில் இடிமுழக்கம் வாயைத் திறக்கவில்லை, கூண்டு இறங்கியது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பிரசோப்பின் பறவை கடைசிச் சுற்றில் அக்கரைப் பறவையிடம் தோற்றது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. புளிக்குழம்பைத்தான் பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

சம்ரான் கூண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தான். பறவைக்காகத்தான் சொன்னேன், பெரிய பிக்கு சாட்சி, உன் குழம்புக்கு ஈடு உண்டா. அடுப்படியில் பானை கவிழ்ந்து கிடந்தது. அவள் அவன் சொன்னதை முழுவதும் கேட்டாள். நம்பினாள் என்றும் தெரிந்தது. ஆனால் ஊர் முன்னால் விழுந்த சொல் ஊர் முன்னால்தானே கிடக்கிறது? கூண்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். துணியால் ஒரு பக்கம் மறைத்தாள். பிறகு எதிர்ச்சாரியில் இருந்த சாய்பின் வீட்டைக் காட்டினாள்.

"அங்க போய்ச் சாப்பிடு."

போனான். வேறு என்ன செய்வது? பிரசோப் கடையை மூடிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாய்பின் அவன் வருவான் என்று எதிர்பார்த்துப் புதிதாகக் குழம்பு வைத்திருந்தாள். தலையில் பூ வேறு. தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, சாப்பிடுகிற வாயையே பார்த்துக்கொண்டு எதிரில் நின்றாள். சம்ரான் ஒரு வாய் வைத்தான். விழுங்கினான். தலையை ஆட்டினான். அவள் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, மீன் எடுத்து வர உள்ளே போனாள்.

பிரசோப் குனிந்து காதோடு கேட்டான்.

"நெசத்தச் சொல்லுங்கண்ணே. எப்பிடி இருக்கு?"

சம்ரான் அவன் கண்ணைப் பார்த்தான். யாரையும் நம்பாதவன், இவனை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தண்ணி," என்றான்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குடிக்கிறேன்," என்றான் பிரசோப்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டில் லமியாட்டின் குரல் எழுந்தது. கெர்டாவிடம் சொல்கிறாள், மைதானத்துக்கு வராதவர்கள் யாராவது தெருவில் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறாள். ஓட்டைச் சிரட்டையில் தொடங்கி, நன்றி கெட்ட நாக்குக்கு வந்து, மூங்கில் குருத்தில் நின்று, அங்கிருந்து வேகம் பிடித்தாள். துணி மறைத்த கூண்டுக்குள்ளிருந்து இடிமுழக்கம் அவளுக்கு ஈடுகொடுத்து எடுத்தது. தெருக்கோடி நாய் எழுந்து உட்கார்ந்தது.

"கேக்குதா?" என்றான் சம்ரான். முகமெல்லாம் பல்.

உள்ளேயிருந்து சாய்பின் மீனோடு வந்தாள். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். சம்ரான் எதிர்வீட்டைப் பார்த்தபடியே தட்டை நீட்டினான்.